பெற்றோர் தரப்பு

பேருந்து நிலையத்தில் அவளை எல்லாரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு மேசை, ஒரு மைக், நேர அட்டவணை ஒட்டிய அட்டை, கால் ஆடுகிற ஒரு நாற்காலி. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை அவள் குரல்தான் அந்த இடத்தை நடத்தியது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், மூச்சிரைக்க ஓடுகிறவர்கூட ஒரு நொடி நின்று காது கொடுப்பார். அந்தக் குரலில் அதட்டலும் இல்லை, குழைவும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று "பாத்துப் போங்க" என்று சொல்வதுபோல இருக்கும். "மைக்கக்கா சொன்னா ரிப்பேர் ஆன வண்டிகூடக் கிளம்பிடும்" என்று ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள்.

அவளுக்கு ஒரே மகள். பிறவியிலேயே காது கேட்காது.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் உடனே, "அடடா, இப்படி ஒரு குரல் இருக்கிறவங்களுக்கா" என்பார்கள். அவளுக்கு அந்தப் பேச்சே ஆகாது. "என் குரலுக்கும் அவ காதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று வெட்டிவிடுவாள்.

மகளுக்குப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வீட்டில் பாப்பாதான். பாப்பாவுக்கு ஐந்து வயதானபோது, நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த ஓர் அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி அது. எண்பது பிள்ளைகள், ஏழு ஆசிரியர்கள், மாடியில் விடுதி. வேறு வழியும் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்த பள்ளிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. முதல் நாள் விட்டுவிட்டுத் திரும்பும்போது, பாப்பா கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையை மைக்கக்கா கூடவே வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஊருக்கு நான்காம் நடைமேடையிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு வண்டிகள். இரண்டையும் அவள்தான் அறிவிக்க வேண்டும். ஆறு வருடம் அறிவித்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் ஏறிப் போய், நான்கு மணி நேரம் மகளோடு இருந்துவிட்டு வருவாள். மற்றபடி விடுமுறைக்கு மட்டும் மகள் வீட்டுக்கு வருவாள்.

அவள் கணவர் போக்குவரத்துப் பணிமனையில் டயர் பிரிவில் இருந்தார். காற்றடிக்கும் இயந்திரமும் சுத்தியலும் இரைகிற அந்தக் கொட்டகையில் வாயால் பேசிப் பயனில்லை. அங்கே எல்லாரும் கையைக் காட்டித்தான் வேலை செய்வார்கள். அந்தப் பழக்கமோ என்னவோ, விடுமுறைக்கு வரும் மகளிடமிருந்து அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சைகை மொழியைக் கற்றுக்கொண்டிருந்தார். மைக்கக்காவுக்கு வா, போ, சாப்பிடு, குளி, தூங்கு, கூடாது, சமத்து என்று ஒரு முப்பது வார்த்தை தெரியும். மீதியை முத்தத்தில் சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

பாப்பாவுக்குப் பதினோரு வயது நடக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. புதிய கல்விக் கொள்கை வகுக்கிறார்கள். சிறப்புப் பள்ளிகளை இப்படியே தொடர்வதா, அல்லது மூடிவிட்டுப் பிள்ளைகளை அவரவர் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிகளிலேயே சேர்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்காகத் தொடர்புடைய எல்லாத் தரப்பினரையும் அழைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். பெற்றோர் தரப்பில் ஒருவரை அனுப்ப வேண்டும்.

பெற்றோர் சங்கத்தில் யாரும் இரண்டாவது பெயரைச் சொல்லவே இல்லை.

"நாங்க போனா நாலு வார்த்தை பேசிட்டு அழுதுட்டு வந்துடுவோம். நீ போ. நீ பேசினா கேப்பாங்க" என்றார்கள்.

வீட்டில் கணவர் மட்டும் கொஞ்சம் இழுத்தார்.

"என்ன பேசப் போற?"

"என்ன பேசறதா? பிள்ளைய வீட்டுக்குக் கொண்டுவாங்கன்னு பேசுவேன். வேற என்ன?"

"அங்க அவளுக்கு சினேகிதக்காரிங்க எல்லாம் இருக்காங்களே..."

"இங்க அம்மா இருக்காளே" என்றாள். பேசுவதில் அவளை அவர் என்றைக்கு ஜெயித்தார்?

கூட்டம் ஓர் அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. வட்டமாகப் போட்ட மேசைகளில் அட்டைகள் வைத்திருந்தார்கள். ஆசிரியர் தரப்பு, நிர்வாகத் தரப்பு, தொண்டு நிறுவனத் தரப்பு, பெற்றோர் தரப்பு. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பேனா. ஆசிரியர் தரப்பு என்ற அட்டைக்குப் பின்னால் பாப்பாவின் விடுதி டீச்சர் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் காது கேட்காது. அதே பள்ளியில் படித்து, அதே பள்ளிக்கு வேலைக்கு வந்தவள். மைக்கக்காவைப் பார்த்துச் சிரித்தாள். இவளும் சிரித்தாள்.

டீச்சரின் முறை வந்தபோது ஒரு சிக்கல். சைகையைப் பேச்சாக மாற்றிச் சொல்கிற ஆள் வரவில்லை. கடிதம் போயிருந்ததா, போகவில்லையா என்று இரண்டு குமாஸ்தாக்கள் சுவரோரம் முணுமுணுத்துக்கொண்டார்கள். குழுவின் செயலாளர் நல்ல மனிதர். உண்மையாகவே வருத்தப்பட்டார். "பரவாயில்ல, அவங்கள எழுதித் தரச் சொல்லுங்க, நான் படிக்கிறேன்" என்றார்.

டீச்சர் எழுதினாள். செயலாளர் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"பள்ளி மூட வேண்டாம். குழந்தை கைப்பேச்சு இங்கே கிடைக்கும். வீடு கிடைக்காது. வீடு அன்பு உண்டு பேச்சு..." நிறுத்தி, தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "வாக்கியம் கொஞ்சம் சரியா வரல... பேச்சு இல்லை. வீடு அன்பு உண்டு பேச்சு இல்லை. அவ்வளவுதான்."

பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. மைக்கக்காவுக்குமே உதடு லேசாக அசைந்தது. அதைப் பின்னால் எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள்.

அடுத்து அவள் முறை. மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மைக்கோடு அவளுக்கு என்ன பயம்?

"என் பிள்ளைக்கு முதல் பல் என்னைக்கு விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. லீவுக்கு வந்தப்ப ஓட்டைப் பல்லோட சிரிச்சா, அப்பதான் தெரியும். அவளுக்குக் காய்ச்சல் வந்தா நெத்தியில யாரு கை வைக்கிறாங்கன்னு தெரியாது. தூக்கத்துல எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான்னு கேட்டீங்கன்னா, பெத்தவ நான் யோசிச்சுத்தான் சொல்லணும். எங்க தெருக் கோடியிலயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. தெருவுல இருக்குற எல்லாப் பிள்ளைங்களும் அங்க போகுது, சாயந்தரம் வீட்டுக்கு வருது. காது கேக்கலன்னா அந்தப் பிள்ளைக்கு அம்மா வேணாமா? நாங்க ஒண்ணும் பெருசாக் கேக்கல. எங்க பிள்ளைங்கள எங்களுக்கே திருப்பிக் கொடுங்க."

ஏழு நிமிடம் பேசினாள். முடித்தபோது தலைமை தாங்கிய அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்த பின்வரிசையில் இப்போது ஒருவர் மூக்கை உறிஞ்சினார். டீச்சர் மட்டும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது பிடிபடுமா என்று.

சாப்பாட்டு இடைவேளையில் டீச்சர் அவளருகே வந்து ஒரு துண்டுத் தாளை நீட்டினாள். 'பாப்பா கேட்டாச்சா?' என்று எழுதியிருந்தது. மகளிடம் கேட்டீர்களா என்கிறாள். மைக்கக்கா பேனாவை வாங்கி, கீழே எழுதினாள்: 'சின்னப் பிள்ளை. அவளுக்கு என்ன தெரியும்?'

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தாள். கோபப்படவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

மறுநாள் செய்தித்தாளில் அவள் படம் வந்தது. 'எங்கள் பிள்ளைகளை எங்களுக்கே திருப்பிக் கொடுங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பேருந்து நிலையமே அதைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தது. அவள் அதை வெட்டி, வீட்டில் அலமாரிக் கதவில் ஒட்டினாள். ஆறு மாதத்தில் கொள்கை வெளியானது. கல்வி ஆண்டு முடிந்ததும் பள்ளி மூடப்படும்; பிள்ளைகள் வீட்டுப் பக்கத்துப் பள்ளிகளில் சேர்வார்கள்; சிறப்பாசிரியர் ஒருவர் அங்கேயே தேடி வந்து சொல்லித் தருவார். அன்று ஓட்டுநர், நடத்துநர், துப்புரவுப் பணியாளர், டீக்கடைக்காரர் என்று ஒருவர் விடாமல் மிட்டாய் கொடுத்தாள்.

பாப்பா பெரிய விடுமுறைக்கு வருவதுபோல வந்தாள். அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. "வீட்டுக்கு வந்ததும் நாமளே பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்று மைக்கக்கா பள்ளியில் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாளாகியும் மகள் பெட்டியிலிருந்து தேவையான துணியை மட்டும் எடுத்தாளே தவிர, பெட்டியைக் காலி செய்யவில்லை. பதினோராம் நாள் அப்பாவிடம், எப்போது திரும்பிப் போகிறோம் என்று கேட்டாள்.

"நீங்களே சொல்லுங்க. உங்க கைதான் அவளுக்குப் புரியும்" என்றாள் மைக்கக்கா.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மகளின் எதிரே உட்கார்ந்தார். பள்ளி என்று காட்டினார். மூடியாச்சு என்று காட்டினார். பாப்பா சிரித்தாள். அப்பா எப்போதும்போலத் தப்பாகக் காட்டுகிறார் என்று நினைத்து, அவருடைய விரல்களைப் பிடித்து மடக்கி, விடுமுறை என்பதற்கான சைகைக்குத் திருத்திவிட்டாள். அவர் விரல்களை அவளிடமிருந்து விடுவித்துக்கொண்டு, மறுபடி அதையே காட்டினார். மூடியாச்சு. இனிமேல் வீடு. எப்பவும் வீடு.

சிரிப்பு அவள் முகத்தை விட்டுப் போக நேரம் எடுத்தது.

அழுது புரளுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மறுநாள் மைக்கக்கா வேலை முடிந்து வந்தபோது, பாப்பா அலமாரிக் கதவின் முன்னால் நின்றிருந்தாள். அம்மாவின் படத்துக்குக் கீழே இருந்த எழுத்துகளை விரல் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரி வரை படித்தாள். திரும்பி அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்குள் போனாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருந்தால்கூட மைக்கக்காவுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

தெருக்கோடிப் பள்ளி ஒன்றும் மோசமில்லை. வகுப்பாசிரியை நல்ல பெண். பாப்பாவை முதல் வரிசையில் உட்கார வைத்தாள். வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். ஆசிரியை பலகையைப் பார்த்துத் திரும்பி எழுதிக்கொண்டே பாடம் சொல்ல வேண்டியிருந்தது. முதல் இரண்டு வாரம் பக்கத்துப் பெண்கள் பாப்பாவுக்குத் தோழியாக இருக்கப் போட்டி போட்டார்கள். பிறகு அவர்களுக்கும் விளையாட்டு, சண்டை, ரகசியம் என்று ஆயிரம் வேலை. சிறப்பாசிரியர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தார். அப்புறம் மாதத்துக்கு ஒரு முறையானது. அவர் பாவம், பதினோரு பள்ளிகளைச் சுற்ற வேண்டியிருந்தது. பழைய தோழிகளோடு அப்பாவின் போனில் முகம் பார்த்துப் பேசுவதும் மெல்லக் குறைந்தது. ஒருத்தி வீட்டில் போனைத் தரமாட்டார்கள், ஒருத்தி ஊரில் சிக்னல் கிடைக்காது.

ஒரு நாள் மைக்கக்கா பள்ளிக்கே போய், மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள்.

"ஒரு தொந்தரவும் இல்லைங்க. இருக்கிற இடமே தெரியாது" என்றாள் ஆசிரியை, பாராட்டாக.

வீடு வரும்வரை அந்த வார்த்தை அவளை அறுத்தது.

வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இவள் தலை வாரிவிடுவாள், ஊட்டிவிடுவாள், கன்னத்தைக் கிள்ளுவாள், வாய் ஓயாமல் பேசுவாள். பாப்பா தலையை ஆட்டுவாள். முப்பது வார்த்தையும் காலையிலேயே தீர்ந்துபோகும். மகள் தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். சுவர்ப் பக்கம்.

சனிக்கிழமைகளில் பள்ளி இல்லை. மகளைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பாப்பா கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கண் கொட்டாமல் பார்ப்பாள். வேடிக்கை பிடித்திருக்கிறது போலும் என்று மைக்கக்கா சந்தோஷப்பட்டாள். ஒரு சனிக்கிழமை, இரண்டாம் நடைமேடையில் இரண்டு வாலிபர்கள் சைகையில் பேசிக்கொண்டு நின்றார்கள். பாப்பா ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கதவைத் திறந்தாள். மூட்டைகளைத் தாண்டி, ஆட்களை இடித்துக்கொண்டு, கையை உயர்த்தி ஆட்டியபடி ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் ஏறிய வண்டி கிளம்பிவிட்டது. திரும்பி வந்து மறுபடி அதே ஸ்டூலில் உட்கார்ந்து, மறுபடி கூட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். இத்தனை வாரமாக அவள் எதைத் தேடிக்கொண்டிருந்தாள் என்பது மைக்கக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை. நான்காம் நடைமேடையின் பன்னிரண்டரை வண்டியை அறிவித்துவிட்டு, பதிவேட்டில் குறித்துவிட்டு நிமிர்ந்தாள். ஸ்டூல் காலியாக இருந்தது.

கழிப்பறை, டீக்கடை, தண்ணீர்த் தொட்டி, எங்கும் இல்லை. கூண்டுக்குள் திரும்பி வந்து, பதினெட்டு வருடப் பழக்கத்தில் மைக்கைப் போட்டாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருவர், நீல நிற உடை அணிந்தவர், எங்கிருந்தாலும் உடனடியாக அறிவிப்பாளர் அறைக்கு..."

எத்தனை பிள்ளைகளை இப்படி வரவழைத்திருப்பாள்! இப்போது அந்த வாக்கியம் பாதியில் நின்றது. யாரைக் கூப்பிடுகிறோம் என்று அவளுக்கே புரிந்துபோயிற்று. மைக்கை அணைக்கவும் தோன்றவில்லை. அவள் மூச்சு வாங்குகிற சத்தம் எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்டது. நடைமேடைகளில் ஆட்கள் நின்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஒரு நடத்துநர் கூண்டுக்கு ஓடி வந்தார். "அக்கா, பாப்பா பன்னிரண்டரை வண்டியில ஏறுச்சுக்கா. நீங்களும் பின்னாடி வர்றீங்கன்னுல்ல நெனச்சேன்!"

அந்த வண்டியின் நடத்துநருக்குப் போன் போட்டார்கள். ஐந்து வயதிலிருந்து பாப்பாவை ஏற்றி இறக்கியவர் அவர். "ஜன்னலோரமா உக்காந்திருக்கு. அடுத்த நிறுத்தத்துல இறக்கி, எதிர் வண்டியில ஏத்திவிடவா அக்கா?"

மைக்கக்கா காலி ஸ்டூலைப் பார்த்தாள்.

"வேணாம். அவ எங்க போறாளோ அங்கயே கொண்டுபோய் விடுங்க" என்றாள்.

கணவரும் அவளும் வண்டி மாறி மாறி அந்த ஊரை அடையச் சாயங்காலமாகிவிட்டது. வழியில் நடத்துநரிடமிருந்து போன் வந்திருந்தது. பள்ளிக் கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே பாடப்புத்தகக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பாப்பா அதைப் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். விடுதி டீச்சர் வீட்டில் விட்டிருக்கிறேன் என்றார். பள்ளி மூடியதும் டீச்சர் அதே ஊரில் ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

டீச்சரின் வீடு ஓர் அறை மட்டும். கதவு திறந்திருந்தது. மைக்கக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே பாப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். கைகள் பறந்தன. புருவம் ஏறியது, இறங்கியது. யாரோ பலகையில் எழுதுவதையும், திரும்புவதையும், மறுபடி எழுதுவதையும் முதுகை வளைத்து நடித்துக் காட்டினாள். டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாப்பாவும் சிரித்தாள். பிறகு ஏதோ சொல்லிக் கோபப்பட்டாள்; டீச்சர் குறுக்கிட, விடாமல் எதிர்த்து வாதாடினாள். இவ்வளவு பேசுகிற, இவ்வளவு வம்பளக்கிற, இவ்வளவு சாமர்த்தியமான ஒரு பெண்ணை மைக்கக்கா அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"என்னங்க சொல்றா?" என்று கிசுகிசுத்தாள்.

"எனக்கும் பிடிபடல. என்கிட்ட மெதுவாப் பேசுவா. இது வேற வேகம்" என்றார் அவர்.

டீச்சர் அவர்களைப் பார்த்துவிட்டு, பாப்பாவை அழைக்கும் விதமாக இடது புருவத்தின்மேல் ஒரு விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். பாப்பா திரும்பினாள். அம்மாவைக் கண்டதும் கைகள் மடியில் விழுந்தன.

மைக்கக்கா உட்கார்ந்து, ஒரு தாளில் எழுதிக் கேட்டாள். புருவத்தில் கோடு இழுத்தீர்களே, அது என்ன?

'பெயர்' என்று எழுதினாள் டீச்சர். 'இங்கே வந்த முதல் நாள் புருவம் தழும்பு பார்த்து குழந்தைகள் வைத்த பெயர். ஆறு வருடம் எல்லாரும் இதே பெயர்.'

ஆறு வருடம் மகளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியாது. அன்றைக்குக் கூட்டத்தில் அவள் அடுக்கிய தெரியாதவற்றின் பட்டியலில் அது இல்லவே இல்லை.

'அவளைக் கேளுங்கள். வீட்டில் என்ன குறை?' என்று எழுதி நீட்டினாள்.

டீச்சர் கேட்டாள். பாப்பா அம்மாவைப் பார்க்காமல் சுருக்கமாகப் பதில் சொன்னாள். டீச்சர் எழுதிக் கொடுத்தாள்: 'வீடு எல்லாரும் நல்லவர். பேச ஆள் இல்லை. காலை முதல் தூக்கம் வரை இல்லை.'

இந்த முறை அந்த வாக்கியத்தில் எந்தப் பிழையும் மைக்கக்காவின் கண்ணில் படவில்லை.

அடுத்த ஒரு வருடம் அவள் ஓயாமல் அலைந்தாள். அலுவலகத்துக்கு எழுதினாள், போன் செய்தாள், நேரில் போய்க் காத்திருந்தாள். கடைசியில் மறுஆய்வுக் கூட்டம் என்று ஒன்று வைத்தபோது, அவர்களே அவளைக் கூப்பிட்டார்கள். செயலாளர் வாசலுக்கே வந்து வரவேற்று, வழவழப்பான ஒரு கையேட்டை எடுத்துக் கொடுத்தார். பதினான்காம் பக்கத்தில் அவள் பேச்சு, அவள் படம்.

"எங்க போனாலும் உங்க வார்த்தையத்தான் மேற்கோள் காட்டுறோம்மா. இன்னைக்கும் அதே மாதிரி ரெண்டு வார்த்தை..."

"அந்த வார்த்தையத் திரும்ப எடுத்துக்கத்தான் வந்திருக்கேன் சார்" என்றாள் அவள்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "நாங்களா ஒண்ணும் முடிவு பண்ணலையேம்மா. எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டுத்தானே செஞ்சோம். உங்களையும் கேட்டோமே?"

"கேட்டீங்க சார். நான் கேக்கலை. எண்பது பிள்ளைங்க இருந்துச்சு, ஒண்ணுகிட்டக்கூட நான் கேக்கலை."

தனக்குத் தந்த நேரத்தை டீச்சருக்குக் கொடுத்தாள். இந்த முறை சைகையைப் பேச்சாக்குகிற ஆளை அவளே மூன்று முறை போன் செய்து உறுதிப்படுத்தியிருந்தாள். டீச்சர் தெளிவாகப் பேசினாள். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை. பெற்றோர் தரப்பிலேயே ஒருவர் எழுந்து, "என் பையன் வீட்டுல நல்லாத்தாங்க இருக்கான். தம்பி தங்கச்சி எல்லாம் கையில பேசக் கத்துக்கிச்சு. எனக்கு இதுதான் சரி" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. சங்கத்தில் வேறு சிலர் அவளோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள். "உன்னை நம்பித்தானே அனுப்பினோம்" என்று ஒரு தாய் படியிறங்கும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் கழித்துக் கூட்டக் குறிப்பு வந்தது. 'பெற்றோர் தரப்பு உறுப்பினர் தமது முந்தைய கருத்தில் மாற்றம் தெரிவித்தார். பதிவு செய்யப்பட்டது.' அந்தப் பள்ளி திறக்கவில்லை. கட்டடம் நிரந்தரமாகவே புத்தகக் கிடங்காகிவிட்டது.

இப்படி ஒரு பள்ளி இன்னும் மூடாமல் இருக்கிறது என்று டீச்சர்தான் விசாரித்துச் சொன்னாள். ஓர் அறக்கட்டளை நடத்துவது. ரயிலில் பதினோரு மணி நேரம். மாத ஞாயிறு என்றெல்லாம் போய்வர முடியாது. வருடத்தில் ஒரு முறை பெரிய விடுமுறைக்கு வரலாம்.

"யோசிச்சுக்க. இது ரொம்பத் தூரம்" என்றார் கணவர்.

"அவளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம். அப்புறம் அவ இஷ்டம்."

தலைமையாசிரியை வயதானவர். அவருக்குச் சைகையும் தெரியும், பேச்சும் தெரியும். விண்ணப்பத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "நாங்க முதல்ல பிள்ளையக் கேப்போம். அது சொன்னாத்தான் சேர்ப்போம்" என்றார். பாப்பாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நிதானமாகக் கைகளால் கேட்டார். இங்கே இருக்கிறாயா? வீட்டுக்குப் போகிறாயா?

பாப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

முகத்தைப் படிப்பதில் அவளை ஏமாற்ற முடியாது என்று மைக்கக்காவுக்கு இந்த இரண்டு வருடத்தில் தெரிந்துபோயிருந்தது. சிரிக்க முயன்றால் அது பொய் என்று கண்டுபிடித்துவிடுவாள். சும்மா இருந்தாலோ, போகாதே என்று முகமே சொல்லிவிடும். அதனால் அவள் நாற்காலியோடு திரும்பி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வெளியே கொடியில் வரிசையாகச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. மாடிப்படியில் நான்கைந்து பெண்கள் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சீருடைகளை எண்ணினாள். இருபத்திரண்டு வரை எண்ணினாள்.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டுத் திரும்பியபோது, பாப்பா எழுந்து நின்று, கூடவே கொண்டுவந்திருந்த பெட்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று தலைமையாசிரியை விண்ணப்பத்தை அவள் முன்னால் நகர்த்தினார்.

அவள் போட்டாள்.